சத்தம் போடும் பேட்ச்

புது வெர்ஷனுக்கு மாறும் நாளில் கையில் இருக்கும் பேட்ச்களில் ஒன்று ஒட்ட மறுத்தால், கூட வேலை செய்யும் இளைஞர்களின் முகம் வாடிவிடும். எனக்கு அப்படி இல்லை. ஒட்டாத பேட்ச் என்னை நிறுத்திக் கேள்வி கேட்கிறது. சத்தமே போடாமல் ஒட்டிக்கொள்கிறதே, அதைத்தான் நான் ஒன்றுக்கு இரண்டு முறை திறந்து பார்ப்பேன்.

சின்னச் சின்னக் கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸைக் கட்டித் தருவது என் வேலை. கர்னல், பிஸிபாக்ஸ், ஓபன்எஸ்எஸ்எல் என்று ஒரு கருவிக்குள் போகும் நிரல்களில் பெரும்பாலானவற்றை நாங்கள் எழுதவில்லை. எங்கோ யாரோ எழுதித் திறந்து வைத்ததை இறக்கி, எங்கள் போர்டுக்கு ஏற்றபடி பில்ட் செய்கிறோம். முக்கால்வாசி அப்படியே பில்ட் ஆகிவிடும். மீதி அடம்பிடிக்கும். கம்பைலர் புதிதாக இருக்கும், அல்லது நிரல் எதிர்பார்க்கும் லைப்ரரி எங்களிடம் இருக்காது, அல்லது அடுத்த ரிலீஸில் சரியாகப்போகும் ஒரு பிழை இன்றைக்கே எங்கள் வாடிக்கையாளரைக் கடிக்கும். அப்போது மூலநிரலில் கை வைத்தாக வேண்டும். வாடகை வீட்டில் ஆணி அடிப்பது மாதிரியான வேலை இது: சுவர் நம்முடையது அல்ல, ஆனால் ஆணி நம்முடையது.

இறக்கிய நிரலுக்குள் நேராகப் போய்த் திருத்திவிட்டு, அந்த ஃபோல்டரையே பத்திரப்படுத்துகிறவர்கள் உண்டு. அடுத்த வெர்ஷன் வரும் வரைக்கும் அது சுகம். வந்த பிறகு, நாம் மாற்றியது எது, அவர்கள் மாற்றியது எது என்று பிரிக்க ஒருவராலும் முடியாது. அதனால்தான் தொடாத மூலநிரல் ஒரு பக்கம், நம் மாற்றங்கள் தனித்தனி பேட்ச் கோப்புகளாக இன்னொரு பக்கம் என்று வைத்துக்கொள்கிறோம். பில்ட் நடக்கும்போது மட்டும் இரண்டும் சேரும்.

இந்த ஏற்பாட்டின் அடியில் இரண்டு பழைய கருவிகள் இருக்கின்றன. ஒன்று டிஃப். பெல் லேப்ஸில் டக்ளஸ் மெக்கில்ராயும் ஜேம்ஸ் ஹண்ட்டும் உருவாக்கியது. 1974-இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வந்தது. இன்னொன்று பேட்ச். லாரி வால் 1985-இல் வெளியிட்டார். பெர்ல் மொழியை வெளியிட அவருக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. இன்று நாம் பார்க்கும் கூட்டல் குறி, கழித்தல் குறி வடிவம் 1990-இல் வெய்ன் டேவிசன் கொண்டுவந்தது.

வாலின் கெட்டிக்காரத்தனம் எதில் என்றால், அவருடைய நிரல் வரி எண்ணை மட்டும் நம்பவில்லை. மாற்ற வேண்டிய வரிக்கு மேலும் கீழும் இருக்கும் வரிகளைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்தது. மூலக்கோப்பில் வேறு யாரோ நாற்பது வரி சேர்த்திருந்தாலும் பேட்ச் தேடிப்போய்ச் சரியான இடத்தில் உட்காரும். முகம் தெரியாத பலர் ஒரே நிரலைத் தொலைவிலிருந்து திருத்த முடிந்ததற்கு இந்தப் பொறுமை பெரிய காரணம். என் சண்டையும் இந்தப் பொறுமையோடுதான்.

டிஃப் வழக்கமாக மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று வரிகளைச் சூழலாகத் தரும். பேட்ச் அந்த மூன்றையும் பொருத்திப் பார்க்கும். பொருந்தாவிட்டால் வெளி ஓரத்து வரியை விட்டுவிட்டுப் பார்க்கும், அப்புறம் இரண்டாவதையும் விட்டுவிடும். இதற்கு ஃபஸ் என்று பெயர்; எதுவும் சொல்லாவிட்டால் இரண்டு வரை போகும். அதாவது ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு வரி பொருந்தினால் போதும் என்று தானே முடிவு செய்துகொள்ளும். சி மொழியில் எழுதியவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு வரி என்பது பல நேரம் ஓர் அடைப்புக்குறி மட்டும்தான். 'பிழையா? வெளியே போ' என்ற அதே இரண்டு வரி, ஒரே கோப்பில் அடுத்தடுத்த ஃபங்ஷன்களில் வரிசையாக நிற்கும். நம் பேட்ச் ஒரு ஃபங்ஷனுக்கு எழுதியது. புது வெர்ஷனில் அந்த ஃபங்ஷன் உருமாறிவிட்டது. பக்கத்து ஃபங்ஷன் பார்க்க அதே ஜாடை. பேட்ச் அங்கே போய் உட்கார்ந்துவிடும். கம்பைலரும் ஒன்றும் சொல்லாது. திரையில் 'இத்தனை வரி தள்ளி, ஃபஸ் இரண்டோடு ஒட்டியது' என்று ஒரு வரி ஓடி மறையும். ஆயிரம் வரி பில்ட் லாகில் அதை யார் படிக்கிறார்கள்?

படிக்க வைக்கத்தான் வேண்டும். டெபியன் லினக்ஸின் இப்போதைய பொதி வடிவத்தில் ஃபஸ்ஸுக்கே இடமில்லை; பூஜ்யம் என்று கட்டியே வைத்திருக்கிறார்கள், சூழல் வரி ஒன்று மாறினாலும் பில்ட் நின்றுவிடும். நிரலின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிட், நாம் சொன்னாலொழிய ஃபஸ் பார்ப்பதே இல்லை. எங்களைப் போன்றவர்கள் லினக்ஸ் கட்டப் பயன்படுத்தும் யாக்டோ 2018-இல் எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்தது. எங்கள் இடத்தில் அந்த எச்சரிக்கையைப் பிழையாகவே மாற்றிவிட்டோம். ஃபஸ்ஸோடு ஒட்டியது என்றால் அந்த பேட்சைத் திறந்து, புது நிரலைப் பக்கத்தில் வைத்துப் படித்து, மறுபடி எடுத்து வைக்க வேண்டும். குயில்ட் என்ற கருவியில் அதற்கு 'ரிஃப்ரெஷ்' என்று ஒரே கட்டளைதான். கட்டளை ஒரு நொடி, படிப்பது அரை மணி. அந்த அரை மணியைச் சேமிக்கப் பார்க்கிறவர்தான் படிக்காமலே ரிஃப்ரெஷ் அடிக்கிறார். அப்படி அடித்தால் தவறான இடத்தில் உட்கார்ந்த பேட்ச், இனிமேல் அந்தத் தவறான இடத்துக்கே கச்சிதமாகப் பொருந்தும்.

இதைவிட மோசம் ஸெட் என்ற தேடி மாற்றும் கருவி. பேட்ச் கோப்பு எழுதச் சோம்பல்பட்டு, பில்ட் ஸ்கிரிப்டில் 'இந்தச் சொல்லை எடுத்துவிட்டு அந்தச் சொல்லைப் போடு' என்று ஒரு வரி ஸெட் எழுதிவிடுவார்கள். தேடிய சொல் அடுத்த வெர்ஷனில் இல்லை என்றால் ஸெட் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது, வெற்றி என்று சொல்லித் திரும்பிவிடும். நம் மாற்றம் போய்விட்டது என்று தெரிவதற்குள் கருவி வாடிக்கையாளர் கைக்குப் போயிருக்கும். நிக்ஸ் என்ற பொதிக் கருவிக்காரர்கள் இதை நன்றாகச் சமாளித்தார்கள்: அவர்களுடைய மாற்றுக் கட்டளையில், சொல் கிடைக்காவிட்டால் பில்டையே முறிக்கும் வகை ஒன்றைச் சேர்த்து, பழையதை ஒதுக்கிவிட்டார்கள். ஸெட்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவரிடம் நான் கேட்பது, அதற்கு முன்னால் அந்தச் சொல்லைத் தேடும் ஒரு கிரெப் போடுங்கள் என்பது மட்டும்தான். சொல் இல்லை என்றால் அங்கேயே நிற்கட்டும்.

அமைதியாக ஒட்டிக்கொண்டு வந்த மாற்றம் என்றதும் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே சம்பவம்தான் நினைவுக்கு வரும். டெபியனின் ஓபன்எஸ்எஸ்எல் பொதியில் 2006-இல் இரண்டு வரிகளை முடக்கினார்கள். வால்கிரிண்ட் என்ற சோதனைக் கருவி, துவக்கி வைக்காத நினைவகத்தைப் பயன்படுத்துவதாகப் புகார் சொன்னது. அதை அடக்கத்தான் அந்த மாற்றம். இரண்டு வரியும் பார்வைக்கு ஒன்றேதான். ஒன்று உண்மையிலேயே எடுத்தால் பரவாயில்லாத வரி. மூலநிரலே அதை எடுத்துவிட ஒரு வழி வைத்திருந்தது. வேறொரு ஃபங்ஷனில் இருந்த மற்றது, ரேண்டம் எண் உற்பத்திக்குள் வெளியிலிருந்து குழப்பத்தைக் கொண்டுவந்து கொட்டும் வரி. அது போனதும் மிஞ்சியது புராசஸ் எண் மட்டும். ஒரு வகையில், ஒரு நீளத்தில் உருவாகக்கூடிய குறியாக்கச் சாவிகள் மொத்தமே 32,767 என்று சுருங்கிவிட்டன. மாற்றியவர் கேட்காமல் செய்யவில்லை. ஓபன்எஸ்எஸ்எல் ஆட்களிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தார். கேள்வி போன இடத்தில் அது போதுமான அளவு உறைக்கவில்லை. 0.9.8சி-யில் நுழைந்த மாற்றம் 0.9.8ஜி வரை ஒவ்வொரு வெர்ஷனிலும் கூடவே வந்தது. 2008 மே 13-இல்தான் அறிவிப்பு வந்தது. உபுண்டு உட்பட டெபியன் வழி வந்தவை எல்லாவற்றிலும் சாவிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

அந்த நாட்களில் டெபியன் பொதி என்றால் மூலநிரலோடு ஒரே ஒரு பெரிய டிஃப் கோப்புதான் வரும். பொதி கட்டுவதற்கான கோப்புகளும், நிரலில் செய்த திருத்தங்களும் அதற்குள் ஒன்றாகக் கிடக்கும். பிறகு குயில்ட் வடிவம் வந்தது. ஒவ்வொரு மாற்றமும் தனிக் கோப்பு, எந்த வரிசையில் ஒட்ட வேண்டும் என்பதற்கு 'சீரிஸ்' என்று ஒரு பட்டியல். ஒவ்வொரு பேட்சின் தலையிலும் என்ன எழுத வேண்டும் என்பதற்கும் ஒரு நெறி வந்தது: விளக்கம், எங்கிருந்து எடுத்தது, எழுதியவர்களுக்கு அனுப்பியாயிற்றா, கடைசியாகப் பார்த்த தேதி. யாக்டோவில் இதற்கு 'அப்ஸ்ட்ரீம்-ஸ்டேட்டஸ்' என்று ஒரு வரி. நிரலை எழுதியவர்கள் இருக்கும் இடத்தை எங்கள் பேச்சில் அப்ஸ்ட்ரீம் என்போம். அனுப்பியது, மறுத்தது, புது வெர்ஷனிலிருந்து எடுத்து வந்தது, அனுப்பத் தகாதது என்று அந்த வரிக்கு நிர்ணயித்த விடைகள் உண்டு.

இந்த வரியை நிரப்பச் சொன்னால் புதிதாகச் சேர்ந்தவர்கள் அரசு விண்ணப்பத்தை நிரப்புவது போல் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு நிரலை விட அதுதான் முக்கியம். மூன்று வருஷத்துக்கு முந்தைய பேட்ச் ஒட்டாமல் நிற்கும்போது, உள்ளே இருக்கும் நிரல் 'என்ன மாற்றினார்கள்' என்பதைச் சொல்லிவிடும். 'எதற்கு' என்பதை அந்தத் தலைப்பு மட்டும்தான் சொல்லும். 'பில்ட் பிழை சரிசெய்தது' என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். எந்தக் கம்பைலர், எந்தப் பிழைச்செய்தி, எந்த போர்டில் மட்டும் வந்தது? பிழைச்செய்தியை அப்படியே ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. பேட்சை எடுத்துவிட்டு பில்ட் செய்து பார்க்கும்போது அதே செய்தி வருகிறதா என்று ஒப்பிடலாம். வரவில்லை என்றால் அந்த பேட்சுக்கு இனி இங்கே வேலை இல்லை.

பேட்ச்களில் பாதி கம்பைலர் மாறுவதால் வருகிறவை. 2020-இல் ஜிசிசி 10 வந்தபோது, ஹெடர் கோப்பில் எக்ஸ்டர்ன் போடாமல் அறிவித்த மாறிகள் எல்லாம் லிங்க் ஆகும் நேரத்தில் 'பலமுறை வரையறுத்திருக்கிறீர்கள்' என்று கத்த ஆரம்பித்தன. அதற்கு முன் அவை பேசாமல் ஒன்றாகச் சேர்ந்துவிடும். கம்பைலருக்கு ஒரு கொடியைக் கொடுத்துப் பழைய நடத்தைக்கே திரும்பலாம். அந்தக் கொடி மீது எனக்கு வெறுப்பு இல்லை. அப்ஸ்ட்ரீம் உயிரோடு இருந்தால் முறையான பேட்ச், யாரும் இல்லாத பழைய நிரல் என்றால் கொடி என்பது என் கணக்கு. 2024-இன் ஜிசிசி 14 விஷயம் வேறு. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடுவதை அது எச்சரிக்கையிலிருந்து பிழையாக உயர்த்தியது. 64 பிட் இயந்திரத்தில் அப்படிக் கூப்பிட்டால் திரும்பிவரும் பாயிண்டரை முழு எண் என்று எண்ணிப் பாதியாக வெட்டிவிடும் அபாயம் ரொம்ப காலமாக இருந்தது. அங்கே கொடி போட்டு வாயடைப்பது சரியில்லை, விட்டுப்போன ஹெடரைச் சேர்க்க வேண்டும். ஒரு வரி பேட்ச். உடனே அப்ஸ்ட்ரீமுக்கு அனுப்பலாம், யாரும் மறுக்க மாட்டார்கள்.

அனுப்புவதுதான் எங்கள் வேலையில் அலுப்பான பகுதி, ஆனால் செய்தால் லாபம் முழுதும் நமக்கே. ஏற்றுக்கொண்டார்கள் என்றால் அடுத்த வெர்ஷனில் நம் பட்டியலிலிருந்து ஒரு கோப்பு குறையும். ஏற்காவிட்டாலும் அந்த நிரலை நன்றாக அறிந்தவர் ஒருவர் நம் மாற்றத்தைப் படித்து ஏன் ஆகாது என்று சொல்லியிருப்பார்; அந்தக் காரணத்தைத் தலைப்பில் எழுதி வைக்கலாம். நிறுவனங்கள் தயங்குவது சட்டத்துக்குப் பயந்து என்பார்கள். ஜிபிஎல் உரிமத்தில் வரும் நிரலை மாற்றிக் கருவியில் போட்டு விற்றால், மாற்றிய மூலநிரலைக் கேட்பவருக்குத் தந்துதான் ஆக வேண்டும்; அப்படியிருக்க ஒளித்து வைத்து என்ன லாபம்?

ரொம்ப நாள் வெளியே நின்ற பேட்ச் என்றால், கர்னலைக் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்ல வைக்கும் ரியல்-டைம் பேட்ச்தான். 2004-இல் இன்கோ மோல்னார் ஆரம்பித்தது, பிறகு தாமஸ் கிளைக்ஸ்னரும் கூட்டாளிகளும் தூக்கிச் சுமந்தது. ஒவ்வொரு கர்னல் வெர்ஷனுக்கும் அதைக் குயில்ட் வரிசையாகவே வெளியிட்டார்கள். தொழிற்சாலைக் கருவி செய்கிறவர்கள் இறக்கி ஒட்டிக்கொண்டோம். மொத்தத்தையும் ஒரே மூட்டையாகக் கொண்டுபோய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவர்கள் நிற்கவில்லை. ம்யூடெக்ஸ், துல்லிய டைமர்கள், இன்டரப்டுகளைத் திரெட்களாக ஓட்டுவது என்று ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே அனுப்பினார்கள். ரியல்-டைம் வேண்டாதவர்களுக்கும் அவை பயன்பட்டன. கடைசியில் குறுக்கே நின்றது, கர்னல் செய்தி அச்சிடும் சாதாரண பிரிண்ட்கே. அதைத் திருத்தி முடித்து 2024 செப்டம்பரில் மிச்சமும் உள்ளே போனது, நவம்பரில் 6.12 ஆக வெளிவந்தது. இருபது வருஷம். அந்த வரிசையின் பழைய வெர்ஷன்களை இன்றைக்கும் நான் எடுத்துப் பார்ப்பதுண்டு. பெரிய மாற்றத்தை எந்த மூட்டில் வெட்டிச் சின்னதாக்குவது என்று கற்க அதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குக் கிடைத்ததில்லை.

அப்ஸ்ட்ரீமுக்குப் போகாமல் தங்கிய ஒரு சின்ன பேட்ச் என்ன செய்யும் என்பதற்கு 2024-இல் இன்னொரு கதையும் உண்டு. ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வர், தான் எழுந்து தயாராகிவிட்டதை, சேவைகளைத் துவக்கி வைக்கும் சிஸ்டம்டி-க்குச் சொல்ல வேண்டும் என்பதற்காக, டெபியன், ஃபெடோரா முதலியவை தங்கள் பொதியில் ஒரு பேட்ச் வைத்திருந்தன. ஒரு செய்தி அனுப்புவதுதான் வேலை. அதற்காக சிஸ்டம்டி-யின் லைப்ரரியை முழுதாக இணைத்தது, அந்த லைப்ரரியோ எக்ஸ்ஸெட் சுருக்க லைப்ரரியைக் கூட இழுத்து வந்தது. ஓபன்எஸ்எஸ்ஹெச் எழுதியவர்களுக்கு எக்ஸ்ஸெட்டோடு சம்பந்தமே இல்லை. ஆனால் எக்ஸ்ஸெட்டுக்குள் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்தபோது, அது எஸ்எஸ்ஹெச் சர்வரை எட்டியது இந்த பேட்ச் போட்டுத் தந்த பாதை வழியாகத்தான். மார்ச் மாதக் கடைசியில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், லாகின் அரை நொடி தாமதமாவது ஏன் என்று குடைந்ததால் அது பிடிபட்டது. பேட்சில் பிழை ஒன்றும் இல்லை. வருஷக்கணக்காக ஒழுங்காக ஒட்டி ஒழுங்காக வேலை செய்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த ஓபன்எஸ்எஸ்ஹெச் 9.8, அந்தச் செய்தி அனுப்பும் வேலையை எந்த லைப்ரரியும் இல்லாமல் தானே எழுதிச் சேர்த்துக்கொண்டது. அதைப் படித்த வாரம், எங்கள் பேட்ச்களில் புதிதாக ஒரு லைப்ரரியை இழுத்துவருபவை எவை என்று தேடி எடுத்துத் தனியாக எழுதி வைத்தோம்.

வெர்ஷன் மாற்றும் நாளில் நான் கிட்டுக்குள்தான் வேலை செய்கிறேன். பழைய ரிலீஸின் மேல் எங்கள் பேட்ச்கள் ஒவ்வொன்றும் ஒரு கமிட். அந்த வரிசையை அப்படியே தூக்கிப் புது ரிலீஸ் மேல் ரீபேஸ். அப்ஸ்ட்ரீம் ஏற்றுக்கொண்டவை தாமாகவே உதிரும், வரி பிசகாமல் ஏற்றிருந்தால். பெரும்பாலும் அவர்கள் தங்கள் கைப்படி மாற்றி ஏற்றிருப்பார்கள். அப்போது மோதல் வரும். வராவிட்டால்தான் தொல்லை: ஒரே சோதனை இரண்டு இடத்தில், அவர்களுடையது ஒன்று, நம்முடையது ஒன்று. ஒரு முறை தீர்த்த மோதலை நினைவில் வைத்துத் தானே தீர்க்கும் ரெரெரே என்று ஒரு வசதி கிட்டில் உண்டு. ஒரே நாளில் ஒரே ரீபேஸைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அதை வைத்துக்கொள்வேன், மறு வெர்ஷனுக்குப் போகும்போது அணைத்துவிடுவேன். முடிந்ததும் ரேஞ்ச்-டிஃப். 2018-இல் கிட் 2.19-இல் வந்தது; பழைய வரிசையையும் புது வரிசையையும் ஜோடி ஜோடியாக வைத்து, மாற்றத்தில் என்ன மாறியது என்று காட்டும். கூட்டலுக்குள் கூட்டல், கழித்தலுக்குள் கழித்தல் என்று முதலில் கண் கூசும். பழகியபின் அது இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஒரு வகை பேட்சுக்கு இந்த வைத்தியம் எதுவும் உதவாது: அப்ஸ்ட்ரீமே மூச்சுவிடாத நிரல்கள். அனுப்பினால் பதில் வராது, ரிலீஸும் வராது, நம் கோப்புகள் மட்டும் குவியும். 1994-இல் என்சிஎஸ்ஏ ஆய்வு மையத்தின் வெப் சர்வர் இப்படித்தான் நின்றது. எழுதிய ராப் மெக்கூல் அங்கிருந்து போய்விட்டார். அதை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் தத்தமது பேட்ச்களை மின்னஞ்சலில் பரிமாறிக்கொண்டு, 1995-இல் ஒன்றாகச் சேர்த்து வெளியிட்டதுதான் அப்பாச்சி. எல்லாக் குவியலுக்கும் அந்த யோகம் இல்லை. எங்களிடமும் ஒன்று இருக்கிறது, ஒரு பழைய சீரியல் போர்ட் டீமன். அதன் சீரிஸ் பட்டியலை அண்மையில் படித்தபோது, கடைசியில் சேர்ந்த பேட்ச்கள் மூலநிரலைத் தொடவே இல்லை என்று கண்டேன். அவை திருத்துவதெல்லாம் முந்தைய பேட்ச்கள் சேர்த்த வரிகளை. அந்த நிலைக்கு வந்த பிறகு அதைப் பேட்ச் வரிசையாக வைத்திருப்பது பாவனை. அடுத்த ரிலீஸிலிருந்து அது எங்கள் கிட்டில் தனி நிரல். வெர்ஷன் எண் எங்களுடையது, பழைய ஆசிரியரின் பெயரும் உரிமமும் கோப்பின் தலையில் அப்படியே இருக்கும், வருகிற புகார்கள் எங்களுக்கே வரும்.